கோவா இலையில் மருந்து இருக்கிறதா: ஒரு நானோமீற்றர் இடுக்கில் தேடல்

நானுஓயாப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையடக்க லேசர் கருவியைக் கோவா இலைக்கு நேரே பிடித்தால், அடித்த மருந்து எவ்வளவு மிச்சம் என்று தோட்டத்திலேயே சொல்லிவிடுமாமே, உண்மையா?"

கருவி உண்மைதான். இலைக்கு நேரே பிடித்தால் போதும் என்பதுதான் நடக்காத காரியம்.

கருவி நம்பியிருப்பது இராமன் சிதறலை. 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது, 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. உயர்தரத்தில் படித்ததுதான்: மூலக்கூறின் பிணைப்புகள் அதிர்கின்றன, அந்த அதிர்வுக்குரிய சக்தியை இழந்த ஒளி சற்று நீண்ட அலைநீளத்தில் வெளியே வருகிறது. விதைகளுக்குப் பூசும் பூஞ்சைநாசினியான தைராமை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியக் கோடு (கருவி வரையும் திருசியத்தில் எழும் கூர்மையான உச்சி) 1380 செ.மீ⁻¹ அளவில் இருக்கிறது; ஒளி இழந்த சக்தியைக் குறிக்கும் அலகு அது. 785 நானோமீற்றர் லேசரை அடித்தால் அந்தக் கோடு 880 நானோமீற்றரில் தெரியும். ஒவ்வொரு சேர்மத்துக்கும் இப்படித் தனிக் கோடுகள் உண்டு.

ஆனால் சிதறும் போட்டோன்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்றுதான் இப்படி மாறி வருகிறது. நாம் தேடும் அளவோ கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தனி வரம்பு விதிக்காத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் வைத்திருக்கும் பொது எல்லை அது. போதாததற்குப் பச்சிலையின் பச்சையம் லேசர் பட்டதும் தானே ஒளிரும். 785க்குப் போனால் அந்த ஒளிர்வு குறையும், ஒழியாது.

இந்த இடத்தில்தான் பொன்னும் வெள்ளியும் வருகின்றன.

1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்குவில்லன் மூவரும் வெள்ளி மின்வாயைச் சொரசொரப்பாக்கி, அதில் பிரிடீன் என்ற சேர்மத்தை ஒட்டவைத்துப் பலமான இராமன் சைகையைப் பெற்றார்கள். பரப்பு கூடியதால் மூலக்கூறுகளும் கூடியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1977இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கணக்குப் பார்த்தன. சைகை ஓர் இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு என்ற அளவில் பெருகியிருந்தது. பரப்பு மட்டும் அதற்குக் காணாது. ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே பலமாகச் சிதறியிருக்கிறது.

எப்படி? பொன்னில் இலத்திரன்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. 40 நானோமீற்றர் பொன் துகளில் ஒளி பட்டால், ஒளியின் மின்புலம் அந்த இலத்திரன் கூட்டத்தை ஒரு பக்கம் இழுக்கும், அடுத்த கணம் மறுபக்கம் இழுக்கும். கூட்டத்துக்கென்று ஓர் இயல்பு மீடிறன் இருக்கிறது. ஒளியின் மீடிறன் அதோடு ஒத்துப்போனால், ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளுவதுபோல அலைவு பெருகும். துகளின் மேற்பரப்பை ஒட்டிய மின்புலமும் கூடவே பெருகும்.

புலம் 10 மடங்கானால் ஒளிச்செறிவு அதன் வர்க்கம், அதாவது 100 மடங்கு. அதோடு நிற்காது. மூலக்கூறு சிதறவிடும் ஒளியும் அதே துகளை அலைக்கம்பியாக்கிக்கொண்டு வெளியேறுகிறது. அங்கே இன்னொரு 100. மொத்தம் 10,000. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று புலத்தின் நாலாம் அடுக்கில் சைகை வளர்கிறது. இரசாயன ஆய்வில் இவ்வளவு தாராளமான பெருக்கல் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேலும் ஒன்று. இரண்டு துகள்களை ஒரு நானோமீற்றர் இடைவெளியில் நிறுத்தினால், இடுக்கின் ஒரு கரையில் நேரேற்றமும் எதிர்க்கரையில் மறையேற்றமும் குவியும். நடுவில் அகப்பட்ட புலம் 100 மடங்கு வரை ஏறலாம்; நாலாம் அடுக்கில் அது பத்துக் கோடி. லேசரின் மின்புலம் இரு துகள்களையும் இணைக்கும் கோட்டின் வழியே இருக்கவேண்டும். குறுக்கே இருந்தால் இடுக்கு சும்மா கிடக்கும். தனியாக நிற்கும் 40 நானோமீற்றர் பொன் துகள் 530 நானோமீற்றரை ஒட்டிய ஒளியைத்தான் உறிஞ்சும், 785ஐக் கண்டுகொள்ளாது. துகள்கள் நெருங்கியதும் அவற்றின் பரிவு, அதாவது அலைவு பெருகும் அலைநீளம், சிவப்புப் பக்கம் நகர்ந்து லேசரை எட்டுகிறது. ஆக, நெருக்கம் இரண்டு வேலை பார்க்கிறது.

தூரம் இதில் இரக்கமே காட்டாது. 20 நானோமீற்றர் ஆரையுள்ள துகளிலிருந்து 2 நானோமீற்றர் விலகினாலே சைகை பாதிக்கும் கீழே போய்விடும். 10 நானோமீற்றரில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. ஒட்டாத மூலக்கூறு, இல்லாத மூலக்கூறுதான். 2008இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் வெள்ளிப் பரப்பொன்றை அளந்தபோது, பத்து இலட்சம் இடங்களில் வெறும் 63 இடங்கள் மொத்தச் சைகையில் 24 சதவீதத்தைக் கொடுத்தன. கருவியின் பலமும் அதுதான், தலைவலியும் அதுதான்: அந்த 63இல் எத்தனை உங்கள் லேசர்ப் புள்ளிக்குள் விழுந்தன என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்கும்.

இந்தப் பொன் துகள்கள் நீரில் மிதக்கும் பொன் கூழைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே காய்ச்சலாம். கண்ணாடிப் பாத்திரங்களை இராசநீரால் கழுவி (ஐதரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைத்திரிக் அமிலம் ஒரு பங்கு, ஆசிரியர் மட்டும், புகைப்பேழைக்குள்), பலமுறை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். 0.01 சதவீதக் குளோரோ ஓரிக் அமிலக் கரைசல் 50 மில்லிலீற்றரைக் கலக்கிக்கொண்டே கொதிக்கவையுங்கள். கொதிக்கும்போது 1 சதவீத சோடியம் சித்திரேற்று 0.5 மில்லிலீற்றரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம் வந்து, பிறகு மாணிக்கச் சிவப்பாகும். துகள்கள் 41 நானோமீற்றர் அளவில் இருக்கும். நுவரெலியா உயரத்தில் நீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஆகவே கடிகாரத்தை நம்பாதீர்கள். நிறம் மாறி நிலைத்த பின் இன்னும் சற்று நேரம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, அதிலுள்ள உப்புகளே கூழைக் கெடுத்துவிடும்.

1 மில்லிலீற்றரை மையநீக்கியில் சுழற்றி, மேலுள்ள 900 மைக்கிரோலீற்றரை எடுத்துவிட்டால் பத்து மடங்கு செறிந்த கூழ் கிடைக்கும். மாதிரிச் சாற்றோடு அதைக் கலந்து, கடைசியில் கறியுப்புக் கரைசலைச் சேர்க்கவேண்டும். துகள்களைச் சித்திரேற்றின் மறையேற்றம்தான் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. சோடியம் அயன்கள் அதை மறைத்ததும் அவை ஒன்றையொன்று நெருங்கும். சிவப்பு ஊதாவாகும், பிறகு நீலச் சாம்பலாகும். ஊதாவுக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில்தான் அளக்கவேண்டும். உப்புக் குறைந்தால் இடுக்கே உருவாகாது. கூடினால் பொன் கறுப்பாக அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு மாதிரியையும் உப்பிட்டதிலிருந்து ஒரே அளவு நேரம் கழித்து அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

தேயிலை என்றால் சிக்கல் இரட்டிப்பு. அதன் பொலிபீனோல்களும் கஃபீனும் பொன்னில் இடம் பிடிக்க முந்திக்கொள்ளும். அதனால் 2 கிராம் தூளை 10 மில்லிலீற்றர் நீரில் ஊறவைத்து, அசற்றோநைத்திரைல் 10 மில்லிலீற்றரோடு குலுக்கி, நீரற்ற மகனீசியம் சல்பேற்று 4 கிராமும் உப்பு 1 கிராமும் இட்டுப் பிரித்து, மேற்படையைக் காரத்தன்மையுள்ள உறிஞ்சியாலும் கரித்தூளாலும் துப்புரவாக்கவேண்டும். கரித்தூளை அள்ளிப் போட்டால் தட்டையான மருந்து மூலக்கூறுகளையும் அது விழுங்கிவிடும்.

இன்னொரு பொறி லேசரின் வலு. கூடினால் மாதிரி கருகி, கரியின் அகன்ற மேடுகள் 1350, 1580 பக்கங்களில் எழும். 1380இல் தைராம் தேடுபவர் அதைப் பார்த்துக் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று துள்ளுவார். சில மில்லிவாற்றில் தொடங்குங்கள். தொடங்குமுன் சிலிக்கன் துண்டில் 520.7 செ.மீ⁻¹ கோடு சரியாக விழுகிறதா பாருங்கள். மாதிரி சேர்க்காத வெறும் கூழையும் அதே நாளில் அளந்து வையுங்கள்.

தைராம் எளிது. அதன் கந்தகம்–கந்தகப் பிணைப்பு உடைந்து இரு பாதிகளும் பொன்னைக் கவ்விக்கொள்ளும். எல்லா மருந்தும் அப்படியல்ல. 2015இல் இலங்கையில் கிளைபோசேற்று என்ற களைநாசினி தடைசெய்யப்பட்ட பின் களைக்கு வேறு நாசினிகள் தேடப்பட்டன. ஜப்பானுக்குப் போன இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற இன்னொரு களைநாசினியின் எச்சம் பிரச்சினையானது. அந்த எம்.சி.பி.ஏ. நீரில் மறையேற்றம் பெறும், சித்திரேற்றுப் பூசிய பொன்னும் மறையேற்றம், ஒன்றையொன்று தள்ளும். கிளைபோசேற்றிலும் மறையேற்றம், போதாததற்கு வலுவான கோடு தரும் பென்சீன் வளையமும் இல்லை. ஆக நமக்கு வேண்டிய மருந்துகளே இந்த முறைக்குப் பிடிகொடுக்காதவை. துகளின் மேற்பூச்சை மாற்றி இதைச் சரிசெய்ய முடியும், அது உள்ளூரில் செய்யக்கூடிய ஆராய்ச்சி. பணம் வரும்போது எல்லாம் பளபளக்கும் கருவிக்கே போய், கூழ் காய்ச்சும் ஆளுக்குச் சம்பளமில்லாமல் கருவி உறையோடு கிடப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

"புழு அரித்த கோவாவில் மருந்து இருக்காது" என்று சந்தையில் சொல்வதையும் விட்டுவிடலாம். புழுவைக் கண்ட பிறகுதானே பலர் மருந்தடிக்கிறார்கள்.

கருவி விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்த மருந்துக்குச் சோதித்தீர்கள், கோவா இலையிலா வெறும் நீரிலா, ஒரே மாதிரியைப் பத்துமுறை அளந்தால் எண் எவ்வளவு ஆடுகிறது. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அது ஆம்–இல்லை சொல்லும் வடிகட்டியாகத்தான் பயன்படும். சந்தேகமானதைத் திணிவுத் திருசியமானி (மூலக்கூறுகளைத் திணிவால் இனங்காணும் கருவி) உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். "கோடு தெரியவில்லை" என்ற முடிவை "மருந்து இல்லை" என்று எழுதித் தரக் கையடக்கக் கருவிக்கு அருகதை இல்லை. கூழை வாங்கினால் 4 பாகையில், இருட்டுப் போத்தலில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் துகள்கள் கட்டிபட்டுவிடும், பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது.