முழங்கால் நோவும் மெதுவோட்டமும்: நாற்பதைக் கடந்தபின் ஓட விரும்புவோருக்கு

மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றும் என்னிடம் முழங்கால் நோவுடன் வரும் நடுத்தர வயதினரில் இரு சாரார் உண்டு. கிளினிக்கில் சீனியும் பிரஷரும் கூடியிருப்பதாகச் சொல்லப்பட்டதும், மறுநாள் அதிகாலையே கல்லடிப் பாலத்திலிருந்து கடற்கரை வரை ஓடத் தொடங்கி, ஒரு மாதம் முடியுமுன்பே படியிறங்க முடியாமல் வருவோர் ஒரு சாரார். ஏற்கெனவே நோவு இருப்பதால் ஓட ஆசைப்பட்டும், "உள்ள முழங்காலும் போயிடும்" என்று வீட்டார் தடுக்க, நடையையும் சேர்த்துக் கைவிட்டவர்கள் மறுசாரார். இரு சாராரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: ஓடினால் முழங்கால் தேயுமா?

அளவோடு ஓடுவதால் முழங்கால் தேய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், உடல்நலத்துக்காகவும் விருப்பத்துக்காகவும் ஓடுபவர்களில் ஏறத்தாழ 3.5 வீதமானோருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே வாழ்பவர்களில் அது ஏறத்தாழ 10 வீதமாகவும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13 வீதமாகவும் இருந்தது. மூட்டு கெட்டவர்கள் தாமாகவே ஓட்டத்தை நிறுத்தியிருக்கலாம் என்பதால், ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும், ஓடுபவர் எல்லோருக்கும் மூட்டு அழியும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை இதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம்.

இந்த அச்சத்தை வளர்ப்பதில் எக்ஸ்ரே படத்துக்குப் பெரும் பங்குண்டு. "முழங்கால் சில்லுத் தேஞ்சிட்டாம்" என்று சொல்லிக்கொண்டு படத்தை நீட்டுவோரிடம் நான் முதலில் கேட்பது, எந்த அசைவில் நோகிறது, எத்தனை படி ஏற முடிகிறது என்பதைத்தான். படத்தில் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தும் நோவின்றி வயலில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். படம் சீராக இருந்தும் கதிரையிலிருந்து எழும்பத் துன்பப்படுபவர்களும் இருக்கிறார்கள். தேய்மானத்தில் தேய்வது, மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டினுள் இருக்கும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது; அந்தத் திரவம் உள்ளே சென்று வெளியே வருவதற்குப் பாரம் ஏறுவதும் இறங்குவதும் தேவை. ஆகவே முழங்காலை அசைக்காமல் வைத்திருப்பது அதற்குச் செய்யும் உதவியாகாது.

அப்படியானால் ஓடத் தொடங்கியவர்களுக்கு ஏன் நோவு வருகிறது? ஆயத்தமில்லாத காலின்மீது திடீரென்று ஏற்றப்படும் அளவே பெரும்பாலும் காரணம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும், எலும்பும் குருத்தெலும்பும் பழகுவதற்கு மாதங்கள் செல்லும். மூச்சு வாங்குவது குறைந்ததும் மனம் தூரத்தைக் கூட்டச் சொல்கிறது, கால் அதற்கு இன்னும் தயாராகவில்லை. என்னிடம் வந்த ஆசிரியை ஒருவர் இரண்டாவது வாரத்திலேயே நாள்தோறும் மூன்று கிலோமீற்றர் ஓடியிருந்தார். மூச்சில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஆனால் படியிறங்கும்போதும், கொழும்புக்குப் போகும் பேருந்தில் காலை மடக்கியபடி நெடுநேரம் இருக்கும்போதும், சில்லைச் சுற்றி நோவு எடுத்தது. அவருடைய மூட்டில் எதுவும் கிழியவோ உடையவோ இல்லை. தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத் தசையும் பலவீனமாக இருந்தன, அவ்வளவுதான்.

இதனால்தான், நோவுள்ள முழங்காலோடு ஓட விரும்பும் எவரையும் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஓட வேண்டாம் என்கிறேன். அந்தக் காலம் தசைகளுக்குரியது. கைகளைப் பிடிக்காமல் கதிரையிலிருந்து மெதுவாக எழும்பி, அதைவிட மெதுவாக அமர்வது. சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பக்கவாட்டில் படுத்து மேற்காலை நேராகத் தூக்குவது. வீட்டு வாசற்படியில் ஒரு காலால் ஏறி, அதே காலின் கட்டுப்பாட்டில் இறங்குவது. ஒவ்வொன்றையும் பத்து முதல் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்றுகள், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் செய்தால் போதும். கதிரைப் பயிற்சி எளிதானதும், மா அல்லது அரிசிப் பையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி செய்யலாம். இவற்றைச் சலிப்பூட்டும் வேலையென்று தள்ளிவிடுபவர்களே மீண்டும் மீண்டும் என்னிடம் திரும்பி வருகிறார்கள். உடற்பருமன் உள்ளவர்கள் எடையையும் கவனிக்க வேண்டும்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

அரைமணி நேரம் விரைந்து நடந்தும் நோவு கூடாத நிலை வந்ததும் ஓட்டத்தைத் தொடங்கலாம். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கியபின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என ஆறு தடவை மாறி மாறிச் செய்துவிட்டு, மீண்டும் நடந்து முடிக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். அருகில் வருபவருடன் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அடிகளைக் குறுக்கி, எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டுவதும் பயன் தரும்: நிமிடத்துக்கு 150 அடி வைப்பவர் அதே வேகத்தில் 160 அடி வைத்தால், முழங்காலில் இறங்கும் பாரம் குறைகிறது.

எவ்வளவு கூட்டலாம் என்பதைச் சொல்லும் சிறந்த அளவுகோல் மறுநாட் காலைதான். ஓடும்போது பத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில் இலேசான நோவு இருந்து, அடுத்த நாள் எழும்பும்போது முழங்கால் வழமைபோல் இருந்தால் அந்த அளவு பொருத்தமானது. மறுநாள் விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால், அது அடங்கும்வரை நடையோடு நின்று, அடுத்த முறை முந்திய அளவுக்கு இறங்க வேண்டும். நோவே இல்லாத நாளுக்காகக் காத்திருப்பவர்கள் தொடங்குவதேயில்லை. நோவைப் பல்லைக் கடித்துத் தாங்குபவர்கள் தொடர்வதில்லை.

எமது ஊர் சமதரையாக இருப்பது பெரும் வாய்ப்பு. ஏற்ற இறக்கம் என்று சொல்ல இங்கே பாலங்கள்தான் உண்டு; இறக்கத்தில் முழங்காலுக்குப் பாரம் கூடும் என்பதால் அவ்விடத்தில் நடந்து இறங்குங்கள். கடற்கரை மணல் மென்மையானது, ஆகவே முழங்காலுக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். புதையும் மணலில் கெண்டைக்காலும் குதிநாணும் மிகையாக உழைக்கின்றன. அலையோரத்தின் இறுகிய மணலோ சரிந்திருப்பதால், ஒரு காலைவிட மற்றக் கால் தாழ்ந்தே ஓடுகிறது. தொடக்க மாதங்களில் வெபர் மைதானம் போன்ற சமதரையோ அமைதியான உள்வீதியோ மேல். சீனி வருத்தம் உள்ளவர்கள் எங்கும் வெறுங்காலுடன் ஓடக்கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் முள்ளும் சிப்பியும் குத்தியது தெரியாமலே புண்ணாகிவிடும். சப்பாத்து விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை, விரல் நெரியாமலும் குதி வழுக்காமலும் இருக்க வேண்டும். வறண்ட, சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன்பே வீடு திரும்பிவிடுங்கள்.

ஐம்பதை அண்டிய பெண்களுக்கே முழங்கால் தேய்மானம் கூடுதலாக வருகிறது. ஓட இடமும் நேரமும் கிடைக்காதவர்களும் அவர்களே. வீதியில் ஓடுவதற்குக் கூச்சமோ, நாய்களின் பயமோ, வீட்டாரின் விருப்பமின்மையோ தடையாக இருந்தால், முற்றத்தில் நடையும் மேலே சொன்ன நான்கு பயிற்சிகளுமே பெரும் பயன் தரும். அவர்களோடு காலையில் கூட நடக்க முன்வரும் கணவர்களையும் பிள்ளைகளையும் காணும்போது எனக்கு மனம் நிறைகிறது.

ஓடுவதற்காக நோக் குளிசை போடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். டைக்குளோபெனக் போன்ற குளிசைகள் மூட்டின் எச்சரிக்கையை மறைப்பதோடு, இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம். சீனியும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். முழங்கால் திடீரென வீங்குதல், மடக்கிய கால் பூட்டிக்கொள்ளுதல், நடக்கையில் கால் நழுவிப்போதல், காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்து கொதித்தல், ஓய்விலும் இரவிலும் ஓயாத நோவு ஆகியவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஓடும்போது நெஞ்சை அழுத்தினாலோ, அந்த வலி தாடைக்கும் கைக்கும் பரவினாலோ, ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சீனி, பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்கள் தொடங்குமுன்பே வைத்தியரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

தேய்மானம் முற்றியவர்களுக்கும், மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்கும் நான் பெரும்பாலும் சைக்கிளையும் நடையையுமே பரிந்துரைக்கிறேன். இருக்கையைச் சற்று உயர்த்தினால் முழங்கால் அதிகம் மடங்காது. ஓடுபவர்களுக்கு மாரிமழை வரும்போது சில வாரங்கள் தடைப்படும். அந்த நாட்களில் வீட்டுக்குள் தசைப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். மழை விட்டதும் நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல், அதில் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.