ஒரே சிடிஜி தாள், ஆளுக்கொரு முடிவு

பிரசவ வலியில் இருக்கும் தாயின் வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பையும் வலி வந்துபோவதையும் கோடுகளாகத் தாளில் பதிவு செய்வதுதான் சிடிஜி. எந்த டாக்டர் பார்த்தாலும் அந்தத் தாள் ஒன்றையே சொல்லும் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு மகப்பேறு மருத்துவர்களிடம் 50 பதிவுகளைக் கொடுத்தார்கள். நால்வரும் ஒத்துப்போனது 22 சதவீதத்தில்தான். இரண்டு மாதம் கழித்து அதே தாள்களைக் காட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத் தாங்கள் முன்பு சொன்னதையே மாற்றிச் சொன்னார்கள்.

அடிப்படைத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கவேண்டும். இதில் பெரிதாகச் சண்டை வராது. கோட்டின் ஏற்ற இறக்கம் போதுமா, துடிப்பு குறையும் இடம் எந்த வகை என்பதில்தான் டாக்டர்கள் நாங்கள் பிரிகிறோம். வலியின் உச்சம் தாண்டிக் குறைந்து, மெதுவாக மீண்டால் ஆக்ஸிஜன் போதவில்லையோ என்று அஞ்சுவோம். சட்டென்று குறைந்து சட்டென்று ஏறினால் பெரும்பாலும் தொப்புள்கொடி அழுந்துகிறது.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு என் ஜூனியர்கள் இருவர் ஒரே தாளை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். ஒருவர் உடனே சிசேரியன் என்றார், இன்னொருவர் பொறுக்கலாம் என்றார். "மேடம், வலி கோடே சரியா விழல, பெல்ட் இறங்கியிருக்கு" என்றார் சிஸ்டர். உண்மைதான். வலி எப்போது தொடங்கியது என்றே தெரியாத தாளை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள்! பெல்ட்டைச் சரிசெய்து, வயிற்றில் கை வைத்து வலியை எண்ணினேன். பத்து நிமிடத்தில் ஆறு, அளவுக்கு அதிகம். வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப்பை நிறுத்தி, தாயை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தோம். அரை மணியில் கோடு தெளிந்தது. சுகப்பிரசவம்.

அதன்பிறகு எங்கள் வார்டில் "நல்லா இல்ல" என்று யாரும் போனில் சொல்வதில்லை. வலி எத்தனை, அடிப்படை எவ்வளவு, ஏற்ற இறக்கம் எவ்வளவு, குறைவது எப்போது என்று வரிசையாகச் சொன்ன பிறகே முடிவு. மணிக்கு ஒருமுறை, அந்தத் தாயைப் பார்க்காத இன்னொருவர் தாளைப் பார்க்கிறார். பழைய தாள்களை அலசும்போது குழந்தை எப்படிப் பிறந்தது என்பதை மறைத்துவிடுகிறோம். விளைவு தெரிந்தால் கண் அதற்கேற்பத்தான் பார்க்கும்.

உங்கள் டாக்டர் தாளைக் கிழித்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனால் பதறாதீர்கள். அவர் இரண்டாவது ஜோடிக் கண்ணைத் தேடிப் போகிறார்.