பனியன் கம்பெனியும் விசுவாசச் சாட்சியும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு, வரி, பிஎஃப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். நானும் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன்தான். எங்கள் சபைகளில் சாட்சி என்றாலே மைக் பிடித்துச் சொல்வது என்று ஆகிவிட்டது. வியாதி சுகமானது, கடன் தீர்ந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது. நல்லதுதான். ஆனால் நம் பவர் டேபிள் டெய்லரும் செக்கிங் அக்காவும் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லையே. நம் விசுவாசம் அவர்களுக்குத் தெரியவருவது சனிக்கிழமை சாயந்திரம், சம்பளம் போடும்போது.

பிஎஃப் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளி பங்காகச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறோம். அதை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் குற்றவியல் சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்றே பார்க்கிறது. ஷிப்மென்ட் தள்ளிப்போனால் பல முதலாளிகள் முதலில் கை வைப்பது இந்தப் பணத்தில்தான். அதே மாதம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் கவர் மட்டும் தவறாமல் சபைக்குப் போய்விடும்!

தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் பைபிள் வசனம் மல்கியா 3:10 நம்மில் பலருக்கு மனப்பாடம். அதற்கு ஐந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களுக்கு எதிராகத் தாமே தீவிரமான சாட்சியாக இருப்பேன் என்கிறார் கர்த்தர். அந்த வசனத்தைக் காலண்டரில் போட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஜாப் ஒர்க் பில், அதாவது வெளி யூனிட்டில் கொடுத்துச் செய்து வாங்கிய வேலைக்கான கூலி. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு யூனிட்டுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் சொல்வது இது. அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. யூனிட்காரர் கேட்கமாட்டார் என்று தெரிந்தே இழுத்தடிப்பதைத் தொழில் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

சரக்கு வாங்கும் கம்பெனி நடத்தும் பையர் ஆடிட்டுக்கு ஒரு வருகைப் பதிவேடு, உள்ளே நிஜமாக ஒன்று வைப்பதும் அதே ரகம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தராமல், தந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை கோர்ட் கூண்டுக்கு மட்டுமா?

சில கம்பெனிகளில் காலை ஜெபத்துக்கு எல்லாத் தொழிலாளர்களையும் நிற்க வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளம் தருகிறவர் கூப்பிட்டால் யாரால் மறுக்க முடியும்? நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான் பேதுரு (1 பேதுரு 3:15) சொல்கிறார். அவர்களாகக் கேட்க வேண்டும்.

கேட்கவும் செய்கிறார்கள். அவினாசி ரோட்டுப் பக்கம் சின்ன யூனிட் நடத்தும் ஒருவர், பணம் வராத வாரத்தில் புதன்கிழமையே டெய்லர்களைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பாதிதான் தர முடியும், மீதி இன்ன தேதிக்கு என்று சொல்லிவிடுவார். சொன்ன தேதிக்குக் கொடுத்தும்விடுவார். "ஏனுங்ணா, மத்தவங்கெல்லாம் சனிக்கிழமையானா போனையே எடுக்கறதில்லீங்க, நீங்க எப்படிங்க?" என்று டெய்லர் ஒருவர் கேட்டபோதுதான் அவர் தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார்.

முதலாளியாக இருக்கும் விசுவாசிகள் இந்த மாதச் சலானைக் கட்டியதும், மத்திய அரசின் உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக் பார்ப்பது எப்படி என்று தொழிலாளர்களுக்கே காட்டிக்கொடுங்கள். பணம் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.