மதியம் பூத்து விடியலில் மறையும் உப்பு

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புது வீட்டு ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஆசையாக நேவி ப்ளூ அடித்தார்களாம். நான்காம் மாதம், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளைத் திட்டுகள். வெயில் ஏறினால் தெரிகின்றன, விடியற்காலையில் காணோம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் பயப்படுகிறாராம்.

செய்வினை இல்லை, உப்புதான். கடலோர மண்ணில் இருக்கும் உப்புத் தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கலின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். சரி, தங்கிய உப்பு காலையில் எங்கே போகிறது?

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிந்து, அடியில் தண்ணீர் நிற்கும். அதே சங்கதிதான் இங்கேயும். சாப்பாட்டு உப்புக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்புப் படிகம் காற்றிலிருந்தே நீரை இழுத்து அந்த நீரிலேயே கரைந்துவிடும். மதிய வெயிலில் ஈரப்பதம் நன்றாக இறங்கியதும் நீரை விட்டுவிட்டு மறுபடி படிகமாகும். குளிரோ வெயிலோ, இந்த 75 பெரிதாக மாறுவதில்லை. ஈரப்பதமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கவே உப்புக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள்! அந்தக் கருவிதான் உங்கள் ஹால் சுவரில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு அழகு. உப்புப் படிகம் ஒவ்வொன்றும் கண்ணாடிபோல நிறமற்றது. ஆனால் பொடியாகக் குவியும்போது, காற்றுக்கும் உப்புக்கும் இடையிலுள்ள ஆயிரக்கணக்கான முகங்களில் ஒளி பட்டுச் சிதறி, எல்லா நிறமும் கலந்து வெள்ளையாகத் திரும்புகிறது. கரைந்துவிட்டால் அந்த முகங்களே இல்லை. ஒளி உப்புநீரைத் தாண்டி உள்ளே போகிறது, பெயிண்டின் நீலம் தெரிகிறது. நேவி ப்ளூ தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், அதனால் சிட்டிகை உப்பு பூத்தாலும் பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுவரிலும் இதே உப்பு இருந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. ஈர விரலால் ஒரு திட்டைத் தொட்டுப் பாருங்கள். உடனே கருநீலமாகி, காய்ந்ததும் வெளுத்தால் அது உப்பு.

அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவர்கள் மூச்சு விட்டன. இன்றைய பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உப்பு அதன் பின்னால் படிகமாகி வளர்ந்து, பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். இரும்பு துருப்பிடிப்பதை ஆராய காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. சாந்துக்கும் பெயிண்டுக்கும் அதே அளவு அக்கறையும் பணமும் ஒதுக்கினால், இந்தக் கரையில் வீடு கட்டும் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு பிழைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். வெயில் நேரத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். அப்புறம் ஓதம் ஏறும் வழியைக் கொத்தனாரிடம் அடைக்கச் சொல்லுங்கள். சுவர் நன்றாகக் காயும் வரை பொறுத்து, பிறகு அதே நேவி ப்ளூவை அடியுங்கள்.