'காக்கி சாக்கிட்' என்றால் எந்த வலி?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு கிளினிக்குக்கு என் அத்தைக்குத் துணையாகச் சென்றிருந்தேன். எண்ணை அழைத்ததும் உள்ளே போய் உட்கார்ந்தவர், மருத்துவரிடம் இரண்டே சொற்கள் சொன்னார்: "காக்கி சாக்கிட்." மலாயில் கால் வலி என்று பொருள். அதே காலைப் பற்றி வீட்டில் பேசும்போது, இரவானால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்பார். விரல் நுனி மரத்துக் கிடக்கிறது என்பார். போர்வை உரசினாலே சுரீர் என்கிறது என்பார். பல ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ள ஒருவர் சொல்லும் இந்த மூன்று வாக்கியங்களும் நோயைப் பாதி காட்டிக் கொடுத்துவிடும். அவை மருத்துவரின் காதுக்குப் போகவில்லை. டைக்குளோஃபினாக் என்னும் பழைய வலி மாத்திரையே மறுபடியும் கைக்கு வந்தது. மலாய் மொழியில் சொல் இல்லாமல் இல்லை. மரத்துப்போவதற்குக் 'கெபாஸ்' என்ற சொல் இருக்கிறது. நாம்தாம் அறைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே 'சாக்கிட்'டில் அடக்கிவிடுகிறோம்.

சுளுக்கிய மூட்டிலும் வீங்கிய தசையிலும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரந்து, அங்குள்ள நரம்பு முனைகளை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அப்பொருளை உண்டாக்கும் நொதியை டைக்குளோஃபினாக் தடுப்பதால் கடுப்பும் குடைச்சலும் தணிகின்றன. எரிச்சலும் மரமரப்பும் வேறு வழியில் வருபவை. நெடுநாள் சர்க்கரையால் சிதைந்த நரம்பு, காயம் எதுவும் இல்லாதபோதும் தானாகவே மின்துடிப்புகளை அனுப்புகிறது. அவை ஓயாமல் வந்து சேர்வதால் முதுகுத்தண்டில் உள்ள செல்களும் கூருணர்வு பெற்று, போர்வை உரசுவதைக்கூட வலியாக மூளைக்கு அனுப்பத் தொடங்குகின்றன. இங்கே டைக்குளோஃபினாக் தடுக்க வேண்டிய வேலை பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

இவ்வகை வலிக்குத் தரப்படும் கபாபென்டினும் பிரீகபாலினும் நரம்பு முனையின் கால்சியம் வாயிலில் ஒட்டிக்கொண்டு, அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் வெளியாவதைக் குறைக்கின்றன. அமிட்ரிப்டிலின், மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதைக்கு வலுச் சேர்க்கிறது. அது மனச்சோர்வுக்காக வந்த மருந்து என்பதைத் தாளில் படித்துவிட்டு, 'எனக்கென்ன மனநோயா?' என்று குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன். வலிக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. தூக்கக் கலக்கம் முதல் இரவே வரும். பலனோ சில வாரங்கள் கழித்தே தெரியும். ஆகவே நான்கு நாள் விழுங்கிவிட்டு 'கேட்கவில்லை' என்று சொல்வது, மருந்தைப் பற்றி எதையும் சொல்வதாகாது.

மருந்தை மாற்றித் தரக் கேட்கப் போகும்போது மற்ற மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்வது அவசியம். சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயை விரித்து வைக்கும் பணியிலும் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்குண்டு. சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளோடும் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையோடும் டைக்குளோஃபினாக் சேரும்போது சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. கபாபென்டின் உடைபடாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்காமல் அதன் அளவை முடிவு செய்வது சரியன்று.

சந்தையில் வாங்கிய ஜாமு என்னும் மூலிகை மருந்தையும் மறைக்கக் கூடாது. 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மூட்டுவலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். வலி மாயமாய் மறைவதன் இரகசியம் அதுதான். அது சர்க்கரையை ஏற்றும். நெடுநாள் உண்டால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை உறங்க வைத்துவிடும் என்பதால், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாகும்.

திடீர் நிறுத்தம் டிராமடோல் என்னும் அபின் வகை வலி மருந்திலும் இடர் தரும். நெடுநாள் உண்ணும்போது, அந்த மருந்தின் அடக்குதலுக்கு ஈடுகொடுத்து நரம்புச் செல்கள் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. மருந்து நின்றதும், கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சுகிறது. ஓரிரு நாளில் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, பதற்றம், அவற்றோடு கூடுதல் வலியும் வருகின்றன. நோய் முற்றிவிட்டது என்று பயந்து பழைய மாத்திரைக்கே திரும்புபவர்கள் இதைத்தான் நோய் என்று எண்ணுகிறார்கள். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது, செல்கள் பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் தருவதற்காகத்தான். கடைசி மாத்திரை எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்திருந்தால், வந்தது விடுபடும் தொல்லையா, நோயின் வலியா என்று அவரால் பிரித்தறிய முடியும்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றோடு வலியும் 2008 முதல் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணக்கிடப்படுகிறது. சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். அந்த எண் வலியின் அளவைச் சொல்லும், வகையைச் சொல்லாது. இரவில் எத்தனை முறை விழிக்கிறோம், மாடிப்படி ஏற முடிகிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்த முறை ஒப்பிட ஏதாவது இருக்கும்.

அடுத்த வருகையில் அத்தை தமிழில் சொல்லச் சொல்ல, நான் மலாயில் சொன்னேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். பெருவிரலில் இழை வில்லாக வளைந்து நின்றது. அத்தை மூடிய கண்ணோடு என் பக்கம் திரும்பி, "இன்னும் தொடலையா?" என்றார்.