மேலாண்மை ஏற்பு – கையகப்படுத்தல் அல்ல

"1980இல் ஆரோவில்லை மத்திய அரசு கையகப்படுத்தியது." சென்ற வாரம் படித்த ஒரு மொழிபெயர்ப்பிலும் இதே வரி. எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது! புதுச்சேரிக்கு அருகிலுள்ள பன்னாட்டு நகரமான ஆரோவில்லில் அன்று நடந்தது மேலாண்மை ஏற்பு. சட்டத்தின் ஆங்கில வாசகம் 'டேக்கிங் ஓவர் ஆஃப் மேனேஜ்மென்ட்' என்கிறது. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

ஏல் என்ற வினையிலிருந்து ஏற்பு வந்தது. நடத்தும் பொறுப்பு கைமாறும், உடைமை மாறாது. சிறுவனின் சொத்தைக் காப்பாளர் பார்த்துக்கொள்வது போல.

கையகம் என்றால் கைக்குள். சாலை போட வயலை எடுத்தால் பட்டாவில் பேரே மாறிவிடுகிறதே, அது கையகப்படுத்தல். வருவாய்த் துறை அலுவலகப் பலகைகளில் 'நில எடுப்பு' என்றே இருக்கும். இன்னும் எளிய, நல்ல சொல்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஆரோவில் வழக்கே புரியாது. 1968இல் தொடங்கிய ஆரோவில்லை நடத்தியது ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி என்ற தனியார் சங்கம். ஆரோவில்லை நிறுவிய அன்னை 1973இல் மறைந்தபின் சங்கத்துக்கும் அங்கே குடியிருந்தவர்களுக்கும் மோதல் முற்றியது. நிதி பற்றியும் புகார்கள். 1980இல் முதலில் அவசரச் சட்டம், அப்புறம் நாடாளுமன்றச் சட்டம். நாங்கள் சமயப் பிரிவு, எங்கள் நிர்வாகத்தில் அரசு தலையிடக் கூடாது என்று சங்கத் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 1982இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்றது. சமய விஷயத்தை அது தொடவில்லை, சொத்து நிர்வாகத்தை மட்டுமே தொட்டது என்பது தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த நிர்வாகம் என்ற சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர் விழுங்கிவிடுகிறார்.

உடைமையைக் கையகப்படுத்தி ஆரோவில் ஃபவுண்டேஷனிடம் கொடுத்தது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 1980இலேயே கையகப்படுத்தியாயிற்று என்றால் எட்டு ஆண்டு கழித்து எதைக் கையகப்படுத்தினார்கள்? எழுதுகிறவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுவதா மொழிபெயர்ப்பு?

சிலர் 'நாட்டுடைமை' என்கிறார்கள். அது 1969இல் 14 வங்கிகளுக்கு நடந்தது. இங்கே இன்னும் தவறு. 'பொறுப்பேற்பு' பரவாயில்லை. ஆனால் புது அமைச்சர் பதவிக்கு வருவது போல ஒலிக்கிறது; எதன் பொறுப்பு என்பதும் தெரியவில்லை. நீர் மேலாண்மை என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லும்போது மேலாண்மை ஏற்பு யாருக்குப் புரியாமல் போகும்?

சங்கத்தையே அரசு எடுத்துக்கொண்டது என்று எழுதுவதும் பிழை. சட்டம் எடுத்தது ஆரோவில்லின் நிர்வாகத்தை. சங்கம் தனியார் சங்கமாகவே தொடர்ந்தது.