சொலெனோடான்: பல்லில் தூம்பு வைத்த பிராணி

பார்த்தால் பெருச்சாளிக்கு நீள மூக்கை ஒட்டவைத்தது போலிருக்கும். எடை ஏறத்தாழ 1 கிலோ. பகலில் வளையில் தூங்கிவிட்டு, இரவில் பூச்சி புழுவைத் தேடிக் கிளம்பும். கரீபியக் கடலில் கூபாவிலும், ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்குபோட்டிருக்கும் இஸ்பானியோலாத் தீவிலும் மட்டுமே உண்டு. இதன் பெயர் சொலெனோடான். குட்டிக்குப் பால் கொடுக்கும்; கடித்தால் நஞ்சையும் கொடுக்கும்.

பாம்புக்கு நச்சுப்பல் மேல்தாடையில். இதற்குக் கீழ்த்தாடையில். இரண்டாவது வெட்டுப்பல்லின் உள்பக்கம் ஒரு பள்ளம் ஓடுகிறது. தாடையடிச் சுரப்பியில் ஊறும் நச்சு எச்சில் அதன் வழியே காயத்தில் இறங்கும். இந்த நஞ்சைச் செலுத்திய எலிகளுக்கு இரத்த அழுத்தம் சரிந்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

1833இல் இஸ்பானியோலா விலங்கை விவரித்த பிராண்ட் என்ற விலங்கியலாளர், பெயரை அந்தப் பல்லிலிருந்தே எடுத்தார். கிரேக்கத்தில் சோலென் என்றால் குழாய், வாய்க்கால். ஓடூஸ் என்றால் பல். கூடவே இனப்பெயராகப் பாரடாக்சஸ், அதாவது எதிர்பார்ப்புக்கு முரணானது, என்றும் சேர்த்தார்.

சரி, தமிழில்? 'நச்சு மூஞ்சூறு' என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் இது மூஞ்சூறு இல்லை. டைனோசர்கள் இருந்த காலத்திலேயே தனிக்கிளையாகப் பிரிந்துவிட்டது. மேலும் நஞ்சுள்ள அசல் மூஞ்சூறே வட அமெரிக்காவில் இருக்கிறது. பெயரை அதற்கு விட்டுவைப்பதுதான் நியாயம். நேராக மொழிபெயர்த்துக் 'குழாய்ப்பல்லி' என்றாலோ, சுவரில் ஒட்டிக்கொண்டு சகுனம் சொல்லப் போய்விடும்!

எனக்குத் தோன்றும் சொல் தூம்பு. ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வழிக்கும் அதே பெயர், உட்டுளையுள்ள குழலுக்கும் அதே பெயர். சோலெனின் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பல்லுக்குப் பழைய சொல் எயிறு. இரண்டையும் சேர்த்தால் தூம்பெயிறு. அதை உடையது தூம்பெயிறன். விரியன், கட்டுவிரியன் என்று பெயரிட்டுப் பழகிய காதுக்கு இந்த 'அன்' உறுத்தாது.

(எயிறு என்றதும் 'வாலெயிறு ஊறிய நீர்' என்ற குறள் நினைவுக்கு வரும். காதலியின் வாயூறலைப் பாலும் தேனும் கலந்தது என்கிறான் அந்தக் காதலன். இந்த எயிற்றில் ஊறுவது வேறு.)

இன்றிருப்பவை இரண்டே வகை என்பதால் இஸ்பானியோலாத் தூம்பெயிறன், கூபாத் தூம்பெயிறன் என்று பிரித்துச் சொல்லலாம். கூபாக்காரர்கள் தங்களுடையதை அல்மிக்கி என்கிறார்கள். அந்த ஊர்க் கதை எழுதும்போது அல்மிக்கி என்றே வைத்துக்கொள்வேன்.